ஹியுமானிட்டீஸ் எலெக்டிவ்: எதை எடுப்பது, எப்படிப் படிப்பது

எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடங்களின் பட்டியல் வந்த அன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விழும் முதல் கேள்வி "எதுல மார்க் ஈஸியா வரும்?" என்பதுதான். மெஷின் லேர்னிங், விஎல்எஸ்ஐ போன்ற துறை எலெக்டிவ் என்றால் சிலபஸ், வேலைவாய்ப்பு என்று பேச்சு நாலு பக்கம் போகும். பொருளாதாரம், சமூகவியல், தத்துவம், வரலாறு, உளவியல், இலக்கியம் என்று ஹியுமானிட்டீஸ் (மானுடப் புலம், சமூக அறிவியல்) பக்கம் வரும்போது அந்த ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. சீனியர் ஒருவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்ல, அறுபது பேர் அதிலேயே போய் விழுகிறார்கள். மற்றவை ஆள் இல்லாமல் ரத்தாகின்றன.

இந்த விளக்கம் முதன்மையாக பி.இ., பி.டெக். மாணவர்களுக்கானது. கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எங்கிருந்து வந்தது இந்தப் பாடம்

இந்தியாவில் ஐஐடிகளுக்கு வித்திட்டது நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையிலான குழு. 1946-இல் அது அறிக்கை தந்தபோது கண்முன் வைத்திருந்த மாதிரி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்ஐடி). அதே எம்ஐடி, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தன் பாடத்திட்டத்தையே மறுபரிசீலனை செய்து, 1950-இல் மானுடப் புலங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் தனிப் பிரிவு ('ஸ்கூல்') தொடங்கியது. இன்றும் அங்கே இயற்பியல் படிப்பவரானாலும் கம்ப்யூட்டர் படிப்பவரானாலும் பட்டம் வாங்க இந்தப் பிரிவில் 8 பாடங்கள் முடித்தாக வேண்டும்.

இங்கே கணக்கு வேறு. தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ அமைப்பு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் பொறியியல் பட்டத்துக்கு மொத்தம் 160 கிரெடிட் (பாட நேரத்தைப் பொறுத்துத் தரப்படும் அலகு). அதில் மானுடப் புலம், சமூக அறிவியல், மேலாண்மை மூன்றுக்கும் சேர்த்து 12. ஆங்கிலத் தொடர்புத்திறன் பாடமும் மேலாண்மைப் பாடமும் அந்தப் பன்னிரண்டிலேயே இடம் பிடித்துவிடுவதால், மாணவர் தானாகத் தேர்ந்தெடுக்கும் சமூக அறிவியல் பாடம் பெரும்பாலான கல்லூரிகளில் ஒன்றோ இரண்டோதான். கிடைப்பது ஒன்றிரண்டு என்பதாலேயே அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது என்கிறோம்.

உங்கள் பட்டியலில் இருப்பது எந்த வகை?

எலெக்டிவ் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல வகை உண்டு. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை (பாடத்திட்ட விதிமுறை) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு செமஸ்டரில் வரும் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' இரண்டும் தலா 1 கிரெடிட் உள்ள கட்டாயப் பாடங்கள். அங்கே தேர்வுக்கு இடமில்லை. 'மேண்டேட்டரி கோர்ஸ்' என்ற தலைப்பில் வருபவை வேறு. பெண்ணியலும் பாலின ஆய்வும், இலக்கியக் கூறுகள், திரைப்பட ரசனை, பேரிடர் மேலாண்மை ஆகியவை ஒரு தொகுப்பு. இந்திய அறிவியல் தொழில்நுட்ப வரலாறு, அரசியல் பொருளாதாரச் சிந்தனை, இந்திய அரசும் தேச உருவாக்கமும் போன்றவை இன்னொரு தொகுப்பு. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்றை எடுக்க வேண்டும். இவற்றுக்குக் கிரெடிட் கிடையாது, மொத்தப் படிப்பின் கிரேடு சராசரியான சிஜிபிஏவில் சேராது. அதனால் பலர் வகுப்புக்கே போவதில்லை. ஆனால் முடிக்காவிட்டால் பட்டம் நிற்கும். கடைசி செமஸ்டரில் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இதற்காக அலைவது தேவையா?

ஐஐடி, என்ஐடி போன்ற இடங்களில் ஹியுமானிட்டீஸ் எலெக்டிவ் முழுக் கிரெடிட்டோடு, ஸ்லாட் முறையில் வரும். ஒரு ஸ்லாட்டில் நாலைந்து பாடம் ஓடும். அந்த நேரத்தில் உங்களுக்குத் துறைப் பாடம் இருந்தால் அந்த நாலைந்தும் போச்சு. எனவே முதலில் டைம்டேபிள், பிறகுதான் ஆசை.

கலை அறிவியல் கல்லூரிகளில் இது பட்டப் படிப்பின் பகுதி நான்கில் 'நான்-மேஜர் எலெக்டிவ்' என்று வரும். பி.எஸ்சி. வேதியியல் மாணவர் வரலாற்றுத் துறை நடத்தும் பாடத்தையோ, பி.காம். மாணவர் உளவியலையோ எடுக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: மொழிப் பாடம் வரும் பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதில் இந்தி, பிரெஞ்சு என்று வேறு மொழி எடுத்தவர் இந்த இடத்தில் அடிப்படைத் தமிழோ சிறப்புத் தமிழோ படிக்க வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் படித்தாரா இல்லையா என்பதைப் பொறுத்து எது என்று முடிவாகும். நான்-மேஜர் எலெக்டிவ் அவருக்குக் கிடையாது.

இன்னொரு பொறி: மேலாண்மை எலெக்டிவ், ஓப்பன் எலெக்டிவ் (பிற துறைகளின் பாடம்), ஹியுமானிட்டீஸ் எலெக்டிவ் மூன்றும் தனித்தனிக் கணக்கு. ஓப்பன் எலெக்டிவ் இடத்தில் பொருளாதாரம் எடுத்துவிட்டு, அது ஹியுமானிட்டீஸ் கணக்கில் ஏறும் என்று நினைத்தால் ஏறாது. பாடத்திட்டப் புத்தகத்தில் பாடக் குறியீட்டுக்குப் பக்கத்தில் 'வகை' என்று ஒரு கட்டம் இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், அந்தக் கட்டத்தைப் பாருங்கள். உங்கள் பேட்ச்சுக்கு எந்த ஆண்டு ரெகுலேஷன் என்பதையும் சேர்த்தே பாருங்கள். சீனியரின் ரெகுலேஷன் வேறாக இருந்தால் அவர் சொல்லும் ஆலோசனை உங்களுக்குப் பயன்படாது.

மார்க் பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

22 கிரெடிட் உள்ள செமஸ்டரில் உங்கள் எலெக்டிவ் 3 கிரெடிட். அதில் ஏ பிளஸ்ஸுக்குப் பதில் ஏ வந்தால் கிரேடு புள்ளி 9-இலிருந்து 8 ஆகிறது. ஒரு புள்ளி குறைந்தால் இழப்பு 3-ஐ 22-ஆல் வகுத்தது, அதாவது அந்த செமஸ்டர் ஜிபிஏவில் சுமார் 0.14. முழுப் பட்டத்தின் 160 கிரெடிட்டில் பார்த்தால் 0.02-க்கும் கீழே. இந்த 0.02-க்குப் பயந்துதான் ஆர்வமே இல்லாத பாடத்தை எடுத்து, 45 பீரியட் பின்பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஆர்வமில்லாத பாடத்தில் கிரேடு குறைய வாய்ப்பு அதிகம் என்பது தனிக் கதை.

உண்மையில் பயப்பட வேண்டியது கிரேடு குறைவதற்கல்ல, ஃபெயில் ஆவதற்கு. சமூக அறிவியல் பாடங்களில் ஃபெயில் வருவது பாடம் கடினம் என்பதால் அரிது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போவது, அசைன்மென்ட் கெடுவைத் தவறவிடுவது, காப்பியடித்த கட்டுரை பிடிபடுவது ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள்.

ஒவ்வொரு துறையும் என்ன கேட்கிறது

பெயர்களை வைத்து இவற்றை வேறுபடுத்த முடியாது. சமூகவியல் எலெக்டிவிலும் சாதி வரும், வரலாற்றிலும் வரும், அரசியல் அறிவியலிலும் வரும். வேறுபாடு கேட்கும் கேள்வியிலும் ஏற்கும் ஆதாரத்திலும் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, பள்ளிக்கூட மதிய உணவை, வைத்துப் பார்ப்போம்.

வரலாற்று வகுப்பில் முதல் கேள்வி: எப்போது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? 1956-இல் காமராஜர் என்பது பொதுவாகத் தெரிந்த விடை. 1920-இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது; ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பிறகு ஏன் அது நின்றது, ஏன் மறுபடி வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தபோது அதற்கு என்ன எதிர்ப்பு இருந்தது? மாநகராட்சித் தீர்மானம், சட்டமன்றக் குறிப்பு, பத்திரிகைச் செய்தி, வாய்மொழி நினைவு ஆகியவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவதுதான் அந்த வகுப்பின் வேலை. ஆண்டுகளை மனப்பாடம் செய்வது அதில் கடைசி.

பொருளாதார வகுப்பு இன்னொரு இடத்தில் பிடிக்கும். சாப்பாடு போட்ட பிறகு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள் என்கிறீர்கள். அதே ஆண்டுகளில் புதுப் பள்ளிகளும் திறந்தன, சாலைகளும் வந்தன. கூடியதில் எவ்வளவு சாப்பாட்டால்? திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் வருகை என்னவாக இருந்திருக்கும் என்பதை எப்படி மதிப்பிடுவது? அதே பணத்தைக் குடும்பத்துக்கு ரொக்கமாகக் கொடுத்தால் விளைவு மாறுமா? வரைபடமும் சமன்பாடும் வரும் என்பதால் பொறியியல் மாணவர்களுக்கு நுழையச் சுலபமான துறை இதுதான். ஆனால் வரைபடம் வரைந்துவிட்டால் விடை வந்துவிட்டது என்று நினைப்பதும் அவர்கள்தான்.

சமூகவியல் சமையலறைக்குள்ளேயே போய்விடும். யார் சமைக்கிறார்கள்? தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளை சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் தகராறு செய்த செய்திகள் பல ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. அந்த ஊரில் அதன் பின்னால் உள்ள உறவுமுறைகள் என்ன? யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? புள்ளிவிவரம் சொல்லாத இவற்றை நேரில் பார்த்தும் பேசியும் எழுத வேண்டும். கூச்சப்படுபவர்கள், களப்பணி கட்டாயமா என்று முதல் வாரமே கேட்டுவிடுவது நல்லது.

அரசியல் அறிவியலுக்கு 2001 நவம்பர் 28 முக்கியமான நாள். அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் தேர்தல் அரசியல் செய்ததை மற்ற மாநிலங்களில் ஏன் நீதிமன்றம் செய்ய வேண்டியிருந்தது? 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபின் ஒரு திட்டம் என்பது உரிமையாக மாறுவதால் நடைமுறையில் என்ன வேறுபாடு?

தத்துவ வகுப்பில் தகவலே தேவைப்படாமல் ஒரு மணி நேரம் போகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இலவச உணவு தருவது நியாயமா? 'நியாயம்' என்று எதைச் சொல்கிறீர்கள், தேவைக்கேற்பத் தருவதையா, எல்லோருக்கும் சமமாகத் தருவதையா? ஏழைகளுக்கு மட்டும் என்றால் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளையின் மானம் என்ன ஆவது? அந்தக் கடைசிக் கேள்வியை உளவியல் வகுப்பு எடுத்துக்கொண்டு, அவமான உணர்வையும் பசியில் கவனம் சிதறுவதையும் எப்படி அளப்பது, ஒப்பீட்டுக் குழுவை எப்படி அமைப்பது என்று சோதனை வடிவமைப்பில் இறங்கும். இலக்கிய வகுப்பு பசியைப் பற்றிய ஒரு கதையை எடுத்து, அதைச் சொல்பவர் யார், சொல்லாமல் விட்டது என்ன என்று வரி வரியாகப் பார்க்கும்.

மேலே உள்ள கேள்விகளில் எது உங்களைப் பதில் யோசிக்க வைத்ததோ அந்தத் துறையில் எடுங்கள். எங்களுக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சிலபஸ் பக்கத்தை வாசிப்பது

பாடத்தின் பெயருக்கு எதிரே எல்-டி-பி-சி என்று நாலு எண் இருக்கும். 3-0-0-3 என்றால் வாரம் 3 மணி நேரம் வகுப்பு, டுடோரியல் இல்லை, செய்முறை இல்லை, 3 கிரெடிட். 2-1-0-3 என்று இருந்தால் ஒரு மணி நேரம் சிறு குழு விவாதம். அங்கே வாயைத் திறக்காமல் ஒப்பேற்ற முடியாது.

அடுத்து, மதிப்பீட்டு முறை. ஐஐடி போன்ற இடங்களில் ஆசிரியரே அதைத் தீர்மானிப்பதால், ஒரே பாடம் ஆசிரியர் மாறினால் முற்றிலும் வேறு பாடமாகிவிடும். மிட்செம் 20, கட்டுரை 40, இறுதித் தேர்வு 40 என்று ஒருவர் வைப்பார். வாரம் ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லி அதற்கே 30 கொடுப்பார் இன்னொருவர். தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்பவருக்கு இரண்டாவது வரம், கடைசி நேரத்தில் ஓடுபவருக்கு அதுவே சாபம்.

மூன்றாவதாக, வாசிப்புப் பட்டியல். சமூக அறிவியல் பாடத்தின் கனம் யூனிட் தலைப்புகளில் தெரியாது, இதில்தான் தெரியும். 'பாடப்புத்தகம் 1' என்று ஒரே ஒரு நூல் இருந்தால் அறிமுகப் பாடம். வாரத்துக்கு இரண்டு கட்டுரை என்று பிரித்துப் போட்டிருந்தால் வாரம் 30 முதல் 50 பக்கம் வரை வாசிக்க வேண்டிவரும். பட்டியலில் உள்ள ஒரு கட்டுரையை நூலகத்தில் எடுத்து முதல் நாலு பக்கம் வாசித்துப் பாருங்கள். பாதி புரிந்தால் போதும், மீதிக்குத்தான் வகுப்பு. எதுவுமே ஏறவில்லை என்றால் அதே துறையில் அறிமுகநிலைப் பாடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இடிப்பது பெரும்பாலும் பாடம் அல்ல, கலைச்சொல்தான். தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சயின்ஸ் குரூப்பில் படித்தவர் இவற்றைத் தொட்டே இருக்க மாட்டார். இரண்டு மொழிப் புத்தகத்தையும் ஒரே அத்தியாயத்தில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பொருளாதாரத்தில் பிளஸ் ஒன் புத்தகம் நுண்ணியலில் (தனிநபர், நிறுவன அளவில்) தொடங்கும், பிளஸ் டூ பேரியல் (நாட்டுப் பொருளாதார அளவில்). கல்லூரி எலெக்டிவின் முதல் நாலு வாரம் இதிலேயே அடங்கிவிடும்.

வாசிப்பும் கட்டுரையும்

20 பக்கக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே வேகத்தில் வாசித்தால் பத்தாம் பக்கத்தில் தூக்கம் வரும். முதலில் 15 நிமிடம்: முன்னுரை, முடிவுரை, துணைத்தலைப்புகள், ஒவ்வொரு பத்தியின் முதல் வரி. பிறகு ஒன்றரை மணி நேரம் நிதானமாக. முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து வரி எழுதுங்கள்: ஆசிரியரின் கேள்வி என்ன, பதில் என்ன, ஆதாரம் என்ன, யாரோடு வாதாடுகிறார், எங்கே இடிக்கிறது. ஐந்தாவது வரி எழுத வரவில்லை என்றால் நீங்கள் ஒப்புக்கொண்டே வாசித்திருக்கிறீர்கள் என்று பொருள். வகுப்பில் பேசுவதற்கும் கட்டுரைக்கும் கைகொடுப்பது அந்த வரிதான்.

டெர்ம் பேப்பர் என்ற செமஸ்டர் கட்டுரையைப் பொதுவாக 2,000 சொல் அளவில் கேட்பார்கள். நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. 'பெண்களும் பொதுப் போக்குவரத்தும்' என்று மாணவர்கள் தலைப்பு கொடுப்பார்கள். அதில் கேள்வியே கிடையாது. இணையத்தில் இருப்பதைத் தொகுத்தால் 2,000 சொல் நிரம்பும், மார்க் வராது. இதையே குறுக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கட்டணம் போனபின் பெண்கள் வேலைக்குப் போகும் தூரம் மாறியதா? இது கேள்வி, ஆனால் இன்னும் பெரிது. "எங்கள் கல்லூரியில் துப்புரவு வேலைக்கு வரும் பெண்கள், இலவசப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் மிச்சமாகும் கட்டணத்தையும் எப்படி எடைபோடுகிறார்கள்?" இதற்குப் பத்துப் பேரிடம் பேசினால் போதும், ஒரு செமஸ்டரில் முடியும், இணையத்தில் விடை கிடையாது. பேசும்போது எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். கட்டுரையில் பெயர் போடாதீர்கள். மேலாளர் காதுக்குப் போனால் பாதிப்பு அவர்களுக்குத்தான்.

15 வார செமஸ்டர் என்றால் நாலாவது வாரத்தில் தலைப்பு, ஆறாவதில் கேள்வி, பத்தாவதில் முதல் வரைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைவை ஆசிரியரிடம் காட்டலாமா என்று கேட்டால் பெரும்பாலோர் சரி என்பார்கள். கேட்பவர்தான் குறைவு. மேற்கோள் பட்டியலை சாட்பாட்டிடம் கேட்டு வாங்காதீர்கள். இல்லாத புத்தகத்தையும் இல்லாத பக்க எண்ணையும் அது நேர்த்தியாக அடுக்கித் தரும். துறையில் இருப்பவருக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தேர்வில் வேறொரு பழக்கம் காலை வாரும். 2 மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று என்ற தாளில் பழகியவர்கள் 13 மார்க் கேள்விக்கு வரையறை, வகைகள், படம், நன்மைகள், தீமைகள் என்று எழுதிப் போவார்கள். 'விவாதிக்க' என்று கேட்டால் முதல் இரண்டு வரியிலேயே உங்கள் நிலைப்பாடு வர வேண்டும். அதற்கு இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு, பிறகு எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று, அதற்கு உங்கள் பதில். மூன்று பக்கம் தாராளம். ஆசிரியரின் கருத்துக்கு எதிராக எழுதினால் மார்க் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். ஆதாரம் இல்லாமல் அவர் கருத்தையே திருப்பி எழுதுவதுதான் சலிப்பூட்டும்.

ஸ்வயம், என்பிடெல் வழியாக எடுப்பவர்களுக்கு

கல்லூரியில் பிடித்த பாடம் இல்லையென்றால் ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையத் தளத்திலோ, அதில் ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல் பாடங்களிலோ இணையவழி எடுக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கக் கல்லூரி அனுமதிக்க முடியும். அனுமதிப்பதும் மறுப்பதும் கல்லூரியின் கையில். என்பிடெல்லில் 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. உங்களுக்கு 3 தேவையென்றால் 8 வாரப் பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உதவாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரி 25 மதிப்பெண்ணுக்கும், நேரில் போய் எழுதும் தேர்வு 75-க்கும் எடுத்துக்கொள்ளப்படும். சான்றிதழுக்கு 25-இல் 10-உம் 75-இல் 30-உம் தனித்தனியாக வேண்டும். பாடத்தில் சேர்வது இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் பன்னிரண்டு வார உழைப்பும் கிரெடிட் ஆகாது.

சேருவதற்கு முன் துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பாடக் குறியீடு, எத்தனை வாரம், எந்த எலெக்டிவுக்குப் பதிலாக என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இறுதி ஆண்டின் கடைசி செமஸ்டரில் மட்டும் இந்த வழியைத் தவிருங்கள். இணையத் தேர்வின் முடிவு கல்லூரி மார்க் அனுப்பும் தேதிக்குப் பிறகு வந்தால், எல்லாம் பாஸாகியும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் அந்த ஒரு வரிக்காகக் காத்துக் கிடக்கும்.